ரூமுக்குள்ள வச்சுக்கோன்னு சொன்னாங்க

நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு பெண்கள் அமைப்புக்கு வாரம் தவறாம போயிட்டு இருந்தேன். வரதட்சணை, ஆபீஸ்ல மேனேஜர் குடுக்குற தொல்லை, குடிகாரப் புருஷன்னு எல்லாத்தையும் வட்டமா உக்காந்து மனசு விட்டுப் பேசுவோம், அங்க ஒருநாள் நானும் என்கூட வீட்ல இருக்கிற பொண்ணும் வெறும் பிரெண்ட்ஸ் இல்லன்னு சொல்லிட்டேன். யாரும் திட்டல. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு அக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அது உன் ரூமுக்குள்ள இருக்கிற விஷயம்மா, இங்க எதுக்கு? ஏற்கனவே நம்மள குடும்பத்தக் கெடுக்கிற கூட்டம்னு பேசுறாங்க"ன்னாங்க. டீ வந்துச்சு, பேச்சு மாறிடுச்சு. திட்டியிருந்தா கூட அவ்ளோ வலிச்சிருக்காது.

அதுக்கப்புறம்தான் அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தப் பத்தி தேடித்தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், பாத்தா 1969, 70-ல நியூயார்க்ல இதே பேச்சுதான் நடந்திருக்கு. நேஷனல் ஆர்கனைசேஷன் ஃபார் விமன்ங்கற பெரிய அமைப்போட தலைவி பெட்டி ஃபிரீடன், லெஸ்பியன் பெண்கள 'லாவண்டர் மெனஸ்'னு சொன்னாங்க, அதாவது இயக்கத்துக்கு வந்த ஊதாக் கலர் ஆபத்து. 1969 நவம்பர்ல பெண்கள் அமைப்புகள் எல்லாம் சேந்து ஒரு மாநாடு நடத்தினப்போ 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிடிஸ்'ங்கற லெஸ்பியன் அமைப்போட பேர மட்டும் பத்திரிகைக்குக் குடுத்த லிஸ்ட்லருந்து எடுத்துட்டாங்க. 1955-லருந்து இருக்கிற அமைப்பு அது! ஃபிரீடனோட அமைப்புல நியூஸ்லெட்டர் வேலை பாத்துட்டு இருந்த ரீட்டா மே பிரவுன்ங்கற லெஸ்பியன் எழுத்தாளர் 1970 ஆரம்பத்துல வெளியேறிட்டாங்க.

சரி, ஃபிரீடன் மிதவாதி, அவங்க பயம் எனக்குப் புரியுது. எனக்கு ஆறவே மாட்டேங்கறது ரேடிக்கல் பெமினிஸ்ட்டுங்க, அதாவது எல்லாத்தையும் அடியோட மாத்தணும்னு நின்ன தீவிரப் பெண்ணியவாதிங்க விஷயம்தான். சொந்த வாழ்க்கைல நடக்கிறதெல்லாமே அரசியல்னு உலகத்துக்கே சொல்லிக் குடுத்தவங்க அவங்க, வீட்ல பாத்திரம் யாரு கழுவுறதுங்கறது அரசியல், கருக்கலைப்பு அரசியல், கட்டில்ல புருஷன் பொண்டாட்டிய நடத்துற விதம் கூட அரசியல், ஆனா ஒரு பொண்ணு இன்னொரு பொண்ண விரும்புறேன்னா மட்டும் அது பெட்ரூம் விஷயமாம். லெஸ்பியன் ஜோடிகள் ஆம்பள பொம்பள வேஷத்தையே திரும்பப் போடுறாங்கன்னு சிலர் சொன்னாங்க, ஆம்பளையோட வீட்டுக்குள்ளயே நின்னு சண்ட போடணும், அதுலருந்து தப்பிச்சு ஓடக்கூடாதுன்னு சிலர் சொன்னாங்க. 1970 மார்ச்ல சூசன் பிரவுன்மில்லர், அவங்களும் ரேடிக்கல் பெமினிஸ்ட்தான், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைல இதெல்லாம் பெரிய ஆபத்து ஒண்ணும் இல்ல, கவனத்தத் திருப்புற விஷயம்தான்ங்கற மாதிரி எழுதினாங்க. ஆபத்துன்னாலும் கோபம் வருது, ஒண்ணுமே இல்லன்னா அதவிடக் கோபம் வருது. அங்க இருந்த லெஸ்பியன் பெண்களுக்கும் அப்படித்தான் வந்துச்சு.

1970 மே 1, வெள்ளிக்கிழமை சாயங்காலம், மன்ஹாட்டன்ல செல்சீ பக்கம் ஒரு ஸ்கூல் ஆடிட்டோரியம், அதே பெண்கள் அமைப்புகளோட ரெண்டாவது மாநாடு. ஒரு முன்னூறு பெண்கள் உக்காந்திருக்காங்க. திடீர்னு லைட் அணைஞ்சுது. திரும்ப எரியறப்போ சீட்டுகளுக்கு நடுவுல இருக்கிற வழியோரம் வரிசையா பதினேழு பொண்ணுங்க, எல்லார் மேலயும் அவங்களே கையால சாயம் தோய்ச்ச ஊதா டி-ஷர்ட், மார்ல 'லாவண்டர் மெனஸ்'னு அச்சடிச்சு. தங்கள வெச்சுத் திட்டின வார்த்தையவே போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க! கார்லா ஜேன்னு ஒருத்தங்க மட்டும் முன்கூட்டியே கூட்டத்தோட கூட்டமா உக்காந்திருந்தாங்க. 'ரெட்ஸ்டாக்கிங்ஸ்'ங்கற ரேடிக்கல் பெமினிஸ்ட் குழுவுல இருந்தவங்க, அதனால அவங்களுக்கு அது சொந்த வீடு மாதிரி. எந்திரிச்சு நின்னு, இந்தப் பெண்கள் இயக்கத்துக்காக ஒளிஞ்சிருந்து ஒளிஞ்சிருந்து அலுத்துப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே சட்ட பட்டன ஒவ்வொண்ணா கழட்டினாங்க, உள்ள அதே ஊதா டி-ஷர்ட். இந்த இடத்த எத்தன தடவ படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது, ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்கும்.

அந்தப் பொண்ணுங்க அன்னிக்கு குடுத்த அறிக்கை, லெஸ்பியன் யாருங்கற கேள்வியோட ஆரம்பிக்கும். எல்லாப் பெண்களோட கோபமும் வெடிக்கிற அளவுக்கு இறுகினா அதுதான் லெஸ்பியன்னு அதுவே பதிலும் சொல்லும். படிச்சப்போ சிலிர்த்துப்போச்சு. ஆனா நாள் ஆக ஆக ஒண்ணு உறுத்துது, நான் இவளப் பாத்தப்போ எனக்கு கோபம் வரல. பஸ் ஸ்டாப்புல நனைஞ்சுபோய் நின்னா, பையிலருந்து துண்ட எடுத்துக் குடுத்தேன், மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அவ்ளோதான் எனக்குத் தெரியும்.

இந்த உறுத்தல் காரணமில்லாம இல்ல. 1971-ல ரீட்டா மே பிரவுன், சார்லட் பன்ச் எல்லாம் சேந்து வாஷிங்டன்ல 'ஃபியூரீஸ்'னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க, பன்னெண்டு பேர், உண்மையான பெண்ணியவாதின்னா லெஸ்பியனா ஆகியே தீரணும்னாங்க, 1972-லயே சண்ட வந்து உடைஞ்சுபோச்சு. இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துக் குழு ஒண்ணு 1979-ல இன்னும் ஒரு படி மேல போய், ஆம்பளையோட படுக்காம இருந்தாலே போதும், பொண்ணோட உறவு இருக்கணும்னு அவசியமே இல்ல, அவளும் அரசியல் லெஸ்பியன்தான்னு எழுதினாங்க. முதல்ல எங்க காதல் வெறும் பெட்ரூம் விஷயம், அரசியல் இல்லன்னாங்க, பத்து வருஷத்துல அது வெறும் அரசியல், காதலே தேவையில்லன்னு வந்து நின்னுச்சு. ரெண்டுலயும் எங்களுக்கு இடம் எங்க?

அடிபட்டவங்களே அடிச்சதும் இருக்கு. 1973 ஏப்ரல்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பெரிய லெஸ்பியன் மாநாடு, அத நடத்த உழைச்சவங்கள்ல ஒருத்தங்க பெத் எலியட், பாடகி, திருநங்கை. திருநங்கைங்கறதால அவங்க மேடை ஏறக்கூடாதுன்னு சிலர் கத்தினாங்க, ராபின் மோர்கன்ங்கற பெண்ணிய எழுத்தாளர் தன்னோட முக்கிய உரையிலயே அவங்களத் தாக்கிப் பேசினாங்க. ஓட்டெடுப்புல பெரும்பாலானவங்க பெத் பாடட்டும்னுதான் சொன்னாங்க. பாடிட்டுக் கிளம்பிட்டாங்க. பாடறப்போ அவங்களுக்கு தொண்ட எப்படி அடைச்சிருக்கும்?

மாற்றமும் வந்துச்சு, 1971-லயே ஃபிரீடன் தலைவியா இருந்த அந்தப் பெரிய அமைப்பு லெஸ்பியன் உரிமையும் பெண்ணியப் பிரச்சனைதான்னு தீர்மானம் போட்டுச்சு, 1977-ல ஹூஸ்டன்ல நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டுல பெட்டி ஃபிரீடனே எந்திரிச்சு ஆதரிச்சுப் பேசினாங்க, தீர்மானம் பாஸ் ஆனதும் பலூன் பறக்க விட்டாங்க. எட்டு வருஷம் ஆச்சு அவங்களுக்கு.

என் கையப் பிடிச்சுக்கிட்டுப் பேசின அந்த அக்கா இப்பவும் தீபாவளி, பொங்கலுக்கு போன் பண்ணுவாங்க. சாப்டியா, அம்மா உடம்பு எப்படி இருக்கு, வேலை எப்படிப் போகுதுன்னு எல்லாம் கேப்பாங்க. அவ எப்படி இருக்கான்னு இதுவரைக்கும் ஒரு தடவ கூட கேட்டதில்ல.