தரையில் ஒரு சாக்பீஸ் குறி

கடைசி பேட்ச் பிள்ளைகள் கிளம்பிப் போனபின், ஒருநாள் எங்கள் கராத்தே பயிற்சிக்கூடமான டோஜோவின் தரையில் சாக்பீஸால் ஒரு குறி போட்டேன். இரண்டு பாதங்களும் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு, அவ்வளவுதான். அதில் நின்று ஹெய்யான் ஷோடான் செய்தேன். ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியில் புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கற்கும் கட்டா அது. கட்டா என்றால் வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் கோவை. 21 அசைவுகள், ஒரு நிமிடம்கூட ஆகாது. எல்லா அடியும் ஒரே அளவாக விழுந்தால், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்.

நான் முடித்த இடம் அந்தக் கோட்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருந்தது. நடுவில் ஒரு திருப்பத்தில், எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒரு கணம் தயங்கியும் போனேன். பதினான்கு வருஷமாக அதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

அந்தச் சோதனைக்கு ஒரு காரணம் இருந்தது. சில மாதங்களாகவே வகுப்புக்குப் போக மனம் வரவில்லை. உடம்பு அலுப்பு இல்லை, அது தூங்கினால் சரியாகிவிடும். இது வேறு. “இச்சி, நி, சான்” என்று ஜப்பானிய மொழியில் வாய் எண்ணும், கண் கடிகாரத்தைப் பார்க்கும். ஒரு பிள்ளை முதல்முறை அழகாக ஒரு பஞ்ச் குத்தும்போது முன்பெல்லாம் எனக்குள் ஒரு துள்ளல் வரும். அது நின்றுபோயிருந்தது. புது டிரில் கொண்டுவந்து பார்த்தேன், பயிற்சி வீடியோக்கள் பார்த்தேன், இரண்டு நாள் லீவு எடுத்தேன். ஒரு வாரம் தாங்கும், அப்புறம் பழையபடி.

அன்று அந்தக் கோட்டுக்கும் என் காலுக்கும் நடுவே இருந்த ஒன்றரை அடியைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தினமும் நான்கு மணி நேரம் வெள்ளை உடையில் நிற்கிறேன், ஆனால் பயிற்சி செய்து வருஷக்கணக்காகிறது. நான் செய்தது எல்லாம் செய்து காட்டுவது. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

செய்து காட்டுபவனின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று சொல்லித்தரும் தொழிலில் இருப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்து நிற்பதால், அவர்கள் இடது பக்கம் திரும்ப நான் வலது பக்கம் திரும்புகிறேன். கண்ணாடி பிம்பம் மாதிரி. எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் பாதி வேகம், பாதி பலம். ஐந்தாவது அசைவில் யாரோ முழங்கையைத் தூக்கியிருப்பார்கள், அங்கேயே நிறுத்தித் திருத்தப் போய்விடுவேன். கடைசி அசைவுவரை மூச்சு விடாமல் கொண்டுபோவதே கிடையாது. பாதி வேகத்தையும் தலைகீழ்ப் பக்கத்தையும் நான் பல்லாயிரம் முறை பழகியிருக்கிறேன். உடம்பு நேர்மையானது, பழக்கியதைத்தான் திருப்பிக் கொடுத்தது.

ஹெய்யான் கட்டாக்கள் ஐந்தையும் ஒகினாவாவின் கராத்தே ஆசான் அன்கோ இட்டோசு 1900களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தார். அப்போது அவற்றின் பெயர் பினான். அவரிடம் பயின்ற, ஷோட்டோகானை உருவாக்கிய கிச்சின் ஃபுனகோஷி, மூன்றே மூன்று நைஹான்ச்சி கட்டாக்களைக் கற்கப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டவர். பொறுமை இல்லாத பிள்ளைகளிடம் இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பத்து வருஷம் ஒன்றையே செய்த மனிதருக்கு ஏன் சலிக்கவில்லை என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்த்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து முதல் பேட்சுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போனேன். செல்போன் பையில். ஒரே கட்டா, முழு வேகத்தில், யாருக்கும் காட்டாமல். பத்து நாளில் ஒன்று தெரிந்தது: வலது கால் முன்னே போகும்போது என் அடி நீளம், இடது காலில் ஒரு சாண் குறைவு. பின்னங்காலின் கணுக்கால் இறுகியிருந்ததால், அடியை நீட்டினால் குதிகால் தரையை விட்டு எழும்பியது.

அந்த வாரம்தான் மாலை வகுப்பில் அந்த அம்மா கேட்டார். ஐம்பதைத் தாண்டியவர், மஞ்சள் பெல்ட். ஜென்குட்சு-டாச்சி என்ற நிலையில் முன்காலை மடக்கி நின்று பஞ்ச் குத்தும்போதெல்லாம் அவருடைய பின் குதிகால் எழும்பும். “குதிகாலை ஊன்றுங்கள்” என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஊன்றினா இடுப்பு திரும்ப மாட்டேங்குது மாஸ்டர். நான் எதை மாத்தணும்?”

முன்பாக இருந்தால் “பழகப் பழக வரும்மா” என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்திருப்பேன். அன்று அவர் காலருகே தரையில் உட்கார்ந்தேன். பாதம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தது, இடுப்பை அதுதான் பிடித்து வைத்திருந்தது. விரல்களைக் கொஞ்சம் முன்பக்கம் திருப்பச் சொன்னேன். அடியை ஒரு சாண் குறைக்கச் சொன்னேன். “சின்னதா நின்னா தப்பில்லையா?” என்றார். உங்கள் கணுக்காலுக்கு இன்றைக்கு இதுதான் சரியான நீளம், மெதுவாக நீட்டிக்கொள்ளலாம் என்றேன். குத்தினார். குதிகால் தரையில் ஒட்டிக்கொண்டு இருந்தது. இடுப்பு சுழன்று வந்து நின்றபோது உடையின் கைப்பகுதி “சட்”டென்று சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தம் இதுவரை அவர் கையிலிருந்து வந்ததே இல்லை. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பழைய துள்ளல் வந்தது.

என் குதிகாலோடு பத்து நாள் மல்லுக்கட்டாமல் இருந்திருந்தால் அவருடைய குதிகால் என் கண்ணில் பட்டிருக்காது. எல்லோருக்கும் ஒரே நீளத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.

இன்னொன்றும் செய்தேன். சனிக்கிழமை வகுப்பை என் உதவி மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் போய் நிற்கிறேன். என்னிடம் ஒன்பது வயதில் சேர்ந்த பெண் அவர். முதல் நாள் ரொம்பத் தயங்கினார், என்னைத் திருத்தவே இல்லை. இரண்டாவது வாரம் பக்கத்தில் வந்து, “மாஸ்டர், இழுக்கிற கை இடுப்பு வரைக்கும் வரலை” என்று மெதுவாகச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். மாணவன் ஆசிரியருக்குச் சொல்வதுபோல நான் “ஒஸ்” என்றேன். வேறொருவர் எண்ண, நாம் அடி எடுத்து வைப்பதில் இருக்கும் நிம்மதியை மறந்தே போயிருந்தேன். அடுத்த எண் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது ஒரு தனிச் சுகம்.

பெல்ட் தேர்வான கிரேடிங் நாட்களின் பரபரப்பு, பெற்றோரின் “பிளாக் பெல்ட் எப்போ கிடைக்கும்” கேள்வி எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. இப்போது அந்தக் கேள்விக்கு, முதல் பிளாக் பெல்ட்டின் பெயரான ஷோடானும் முதல் கட்டாவின் பெயரில் வரும் ஷோடானும் ஒரே சொல், இரண்டுக்கும் தொடக்கப் படி என்றுதான் அர்த்தம் என்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

சாக்பீஸ் குறியைத் திங்கள்தோறும் புதிதாகப் போடுகிறேன். இந்த வாரம் நான்கு விரல் தள்ளி முடிந்தது, மறுபடியும் இடது பக்கமாகவே. மேல் தடுப்பு மூன்றையும் முடித்துவிட்டு முக்கால் வட்டம் திரும்புகிறோமே, அங்கேதான் ஏதோ நடக்கிறது என்று நினைக்கிறேன். நாளைக் காலை அந்தத் திருப்பத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.