நாலு அங்குலம்

மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். நான் டிராயிங் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். காலையிலேயே சைட்டிலிருந்து போன். கீழ்த்தளக் குளியலறை 8 அடி இருக்க வேண்டியது, 7 அடி 8 அங்குலம்தான் வருகிறதாம். செங்கல் ஐந்து வரி ஏறிவிட்டது.

நான் போனபோது மேஸ்திரி என் பிரிண்டைச் சிமெண்ட் மூட்டை மேல் விரித்து வைத்திருந்தார். மற்ற அறைகளிலெல்லாம் அளவு இருக்கிறது, குளியலறைக்குள் மட்டும் ஒரு எண்கூட இல்லை. "நம்பர் இல்லாத எடத்துல ஸ்கேல் வெச்சுத்தானே தம்பி அளக்கணும்? கீழ என்ன ஸ்கேல்னு எழுதியிருக்கோ அதைத்தான் வெச்சேன்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

அந்த ஷீட்டின் டைட்டில் பிளாக்கில், அதாவது ஸ்கேல் முதலிய விவரங்களை எழுதும் கட்டத்தில், 'எட்டில் ஒரு அங்குலம் = 1 அடி' என்று இருந்தது. அடிக் கணக்கில் வரைகிறவர்களுக்குப் பழகிய ஸ்கேல். 12 அங்குலத்தை எட்டில் ஒன்றால் வகுத்தால் 96, அதாவது அது 1:96. அந்த வாரம் கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் ஷீட்டுக்காக லேஅவுட்டில் (பிரிண்ட் எடுக்கத் தயார் செய்யும் தாள்) வியூபோர்ட்டை, அதாவது வரைபடத்தை ஒரு ஸ்கேலில் காட்டும் சட்டத்தை, 1:100க்கு மாற்றியிருந்தேன். டைட்டில் பிளாக்கைத் திருத்தவில்லை. அதே ஷீட்டைச் சைட்டுக்கும் அனுப்பிவிட்டேன்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 8 அடி என்றால் 96 அங்குலம். 1:100ல் தாளில் அது 0.96 அங்குலம். அதை 1:96 ஸ்கேலால் படித்தால் 92.16 அங்குலம் வரும், அதாவது ஏறக்குறைய 7 அடி 8 அங்குலம். மேஸ்திரி கட்டியது அந்த அளவுதான்.

சரி, எண்கள் எங்கே போயின? நாங்கள் வரையும் சாஃப்ட்வேரான ஆட்டோகேடில் 2008 பதிப்பிலிருந்து அன்னோடேட்டிவ் எழுத்தும் டைமென்ஷனும் உண்டு, அதாவது ஸ்கேலுக்கு ஏற்பத் தன் உயரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் எழுத்தும் அளவுக் குறிப்பும். தாளில் எழுத்து 2.5 மில்லிமீட்டர் உயரம் வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். மில்லிமீட்டரில் முழு அளவில் வரைந்த ஃபைலில் எழுத்தின் உயரத்தை 1:100க்கு 250, 1:50க்கு 125 என்று அதுவே பார்த்துக்கொள்ளும். பெரிய வசதி, மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு டைமென்ஷனுக்கு எந்தெந்த ஸ்கேலைச் சேர்த்திருக்கிறோமோ, அந்த ஸ்கேல் உள்ள வியூபோர்ட்டில்தான் அது தெரியும். குளியலறை அளவுகளைக் கடைசியாகப் போட்டேன். அவற்றுக்கு 1:96 மட்டுமே இருந்தது. வியூபோர்ட்டை மாற்றியதும் சத்தமில்லாமல் மறைந்துவிட்டன. இரண்டு ஸ்கேலையும் அவற்றுக்குச் சேர்த்திருந்தால் இந்தச் சுவர் ஒழுங்காக எழுந்திருக்கும்.

பெரிய பிழைகள் எனக்கு அவ்வளவு பயமில்லை. சர்வேயர் தரும் ஃபைல் மீட்டரில் வரும், ஆனால் ஃபைலின் அலகைச் சொல்லும் யூனிட்ஸில் மில்லிமீட்டர் என்று இருக்கும். நம் பிளானுக்குள் அதை இன்செர்ட் செய்தால் மனை முழுவதும் ஒரு மூலையில் புள்ளியாகக் கிடக்கும். யாருக்கும் உடனே தெரிந்துவிடும். 60 அடிப் பக்கத்தை அளந்தால் 18.288 என்று காட்டும், மீட்டர் என்று புரிந்துவிடும். ஆயிரத்தால் பெருக்கினால் தீர்ந்தது. 96க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் அப்படியில்லை. திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

சுவரைப் பிரித்தார்கள். கலவை இன்னும் முழுசாக இறுகவில்லை. சித்தாள் அக்கா ஒவ்வொரு கல்லாக எடுத்து, ஒட்டியிருந்த கலவையைக் கரண்டியால் சுரண்டித் தனியாக அடுக்கினார். மதியம்வரை அந்த வேலைதான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

இப்போது எந்த ஃபைல் வந்தாலும் முதலில் யூனிட்ஸ் பார்ப்பேன். அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரு நீளத்தை, பெரும்பாலும் வாசல் கதவின் அகலத்தை, அளந்து பார்ப்பேன். சைட்டுக்கான ஷீட்டையும் அனுமதி ஷீட்டையும் தனித்தனி லேஅவுட்டாக வைக்கிறேன். ஏ1 ஷீட்டை ஏ3யில் பிரிண்ட் எடுத்தால் எல்லாம் பாதியாகிவிடும், 2.5 மில்லிமீட்டர் எழுத்து 1.25 ஆகிவிடும். அதனால் ஏ3யில் போகும் என்று தெரிந்தால் அதற்கென்று தனியாக ஒரு லேஅவுட் போட்டுவிடுவேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண், "திரையிலேயே செக் பண்ணிட்டேனே அண்ணா, பிரிண்ட் எதுக்கு?" என்று கேட்டாள். பிரிண்டைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு அறையாக அளவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ஹால், சமையலறை, படுக்கையறை என்று படித்துக்கொண்டே வந்தவள் மாடிப்படிக்கு வந்ததும் நிறுத்தினாள். தாளை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய் ஃபைலைத் திறந்தாள்.