காளான் கொட்டகைக் குறிப்புகள் – ராமமூர்த்தி நகர், பெங்களூரு

2025 ஜூலை 2

புதுப் படுக்கைகள் (காளான் வளர வைக்கோல் அடைத்த பைகள்) போட்டாயிற்று. கோலார் பக்கமிருந்து வந்த வைக்கோல் நல்ல மஞ்சளாக, மழையில் நனையாமல் இருந்தது. அதுவே பாதி நிம்மதி, ஏனென்றால் நனைந்து முடைநாற்றம் பிடித்த வைக்கோலை எவ்வளவு வேகவைத்தாலும் வேறு பூஞ்சை முந்திக்கொள்ளும். நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைத்து, சுத்தமான தார்ப்பாயில் பரப்பி ஆறவிட்டோம். கையில் இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். இந்தப் பதம் பார்ப்பதில் வேலைக்கு வரும் அக்காவை மிஞ்ச ஆளில்லை, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பையில் அடைப்போம்.

காளான் வித்து (விதைபோல் இடும் பூஞ்சை) ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வாங்கியது. வெள்ளைச் சிப்பிக் காளான். வைக்கோல் ஓர் அடுக்கு, ஓரத்தைச் சுற்றி வித்து, மறுபடி வைக்கோல், இப்படியே பை நிறையும் வரை. கட்டி இருட்டறையில் தொங்கவிட்டோம்.

ஜூலை 10

பூசண இழை, அதாவது வித்திலிருந்து வைக்கோலில் பரவும் வெள்ளை இழை, நன்றாக ஓடுகிறது. சில படுக்கைகளில் மட்டும் பச்சைத் திட்டு, வேறு பூஞ்சை புகுந்துவிட்டது. அதைப் பிரித்துப் பார்க்கவே கூடாது, பிரித்தால் அந்தப் பச்சைத் தூள் அறை முழுக்கப் பரவும். பையோடு எடுத்துத் தொலைவில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டோம்.

ஜூலை 13

அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு விளம்பரத் தாளைப் படம் எடுத்துப் போட்டு, “காளானில் 30 சதவீதம் புரதமாமே, அப்போ சிக்கனே வேண்டாமா மேடம்?” என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, அதனால் விரிவாக எழுதிவைக்கிறேன்.

அந்தக் கணக்கு காய்ந்த காளானுக்கு உரியது. ஈரமெல்லாம் போன பிறகு எஞ்சும் எடையில் 20 முதல் 30 சதவீதம் வரை புரதம் இருக்கும், அது உண்மை. ஆனால் நான் விற்பது புதுக் காளான், அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமில் ஏறக்குறைய 3 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கோழிக்கறியில் 20 கிராமுக்கு மேல். தாளில் அச்சடித்தவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு “காய்ந்த எடையில்” என்ற சொல்லை விட்டுவிட்டார்கள், இப்படி ஏமாற்றி விற்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

உள்ளதைச் சொன்னாலே காளானுக்குப் போதுமான பெருமை இருக்கிறது. கொழுப்பு மிகக் குறைவு, மாவுச்சத்து குறைவு என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் தயங்காமல் சாப்பிடலாம், நார்ச்சத்து உண்டு, பி வைட்டமின்களில் ரிபோஃப்ளேவினும் நியாசினும் நன்றாகவே உண்டு. பொட்டாசியம் நிறைய, ஆகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். அப்புறம், நறுக்கிய காளானைச் சமைக்கும் முன் உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. கொட்டகை இருட்டில் வளர்ந்ததற்கு இந்தச் சின்ன வேலை மிகவும் பயன்படும்.

ஜூலை 18

படுக்கைகள் முழுக்க வெள்ளை. துளை போட்டு வளர்ப்பு அறைக்கு மாற்றினோம். சணல் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். பெங்களூரில் இந்த மாதங்களில் ஏசி வேண்டாம், சிப்பிக் காளானுக்கு 20 முதல் 28 டிகிரி போதும், ஊரே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. மொட்டுக் காளான் (பட்டன் மஷ்ரூம்) வளர்ப்பவர்களுக்குத்தான் 18 டிகிரிக்குக் கீழே குளிரூட்ட வேண்டிய செலவு. ஜன்னலை மட்டும் மறக்காமல் திறந்துவிட வேண்டும், காற்றோட்டம் இல்லாவிட்டால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும்.

ஜூலை 25

முதல் அறுவடை! நேற்று நமக்கு ஆடி அமாவாசை, கன்னடக்காரர்களுக்குப் பீமன அமாவாசை. இன்றிலிருந்து சிராவணம், பல வீடுகளில் கறி மீன் நிறுத்தம், அதனால் ஆர்டர் குவிகிறது. (சில வீடுகளில் காளானையும் விலக்குவார்கள், அவர்களிடம் நான் வற்புறுத்துவதில்லை.)

விடியற்காலையில், தண்ணீர் தெளிக்கும் முன்பே, குடையின் ஓரம் மேலே சுருளுவதற்குள் கொத்தோடு திருகி எடுத்தோம். எல்லோரும் முகக்கவசம் போட்டுத்தான். முற்றிய குடையிலிருந்து உதிரும் வித்துத்தூளை நாள்தோறும் சுவாசித்தால் இருமலும் இளைப்பும் வரும், வேலைக்கு வருபவர்களின் நுரையீரல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

எதிர்வீட்டு ஆன்ட்டி பி12 குறைவென்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி, தினமும் கால் கிலோ வேண்டுமென்றார். “காளான் சாப்பிடுங்க ஆன்ட்டி, ஆனா பி12க்கு இதை நம்பாதீங்க, இதுல இருக்கிறது ரொம்பச் சொற்பம், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீங்க” என்றேன். கால் கிலோ வாரத்துக்கு ஒரு முறை என்று முடிவானது. வியாபாரம் குறைந்தது, பரவாயில்லை.

ஆகஸ்ட் 4

இரண்டாம் அறுவடை. வெளியில் வைத்தால் ஒரு நாளிலேயே வாடத் தொடங்கும், ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள். விற்காததைப் பிற்பகலிலேயே உலர்த்தப் போட்டுவிட்டோம், 10 கிலோ காய்ந்தால் 1 கிலோதான் தேறும். அந்தப் பொட்டலத்தில் மட்டும்தான் புரதக் கணக்கைக் “காய்ந்த எடையில்” என்று போட்டு ஒட்டுகிறோம்.

மார்ச்சில் வெயில் 33ஐத் தாண்டும்போது சிப்பிக் காளான் திணறும். அதற்குப் பால் காளான் போட நினைக்கிறேன், 30 முதல் 35 டிகிரியில் தளதளவென்று வரும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம்தான் என் எண்ணத்தில் இருக்கிறது. ஆனால் அதற்குப் படுக்கையின் மேல் மண் மூட வேண்டும், அந்த மண்ணையும் ஆவியில் வேகவைக்க வேண்டும். பெரிய டிரம் ஒன்று எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.