முழு ஒரு நிமிடம்

குழந்தைகள் வார்டில் நான் சேர்ந்த புதிதில், ஷிஃப்ட் தொடங்குமுன் டூட்டி ரூமில் நின்றபடியே சின்னதாக ஒரு ஜெபம் நடக்கும். நடத்தியவர் எங்கள் சீனியர் சிஸ்டர். வாய்விட்டு ஜெபிக்க என்னைப் பழக்கியவரே அவர்தான். அடுத்தடுத்து சில குழந்தைகள் இறந்துபோன சமயத்தில், “இனி நீங்களே பண்ணுங்கம்மா. கேட்டுக் கேட்டு எனக்கு ஓய்ஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டு ஹேண்ட்ஓவர் நோட்டோடு வெளியே போய்விட்டார். பிறகு ஆலயத்துக்கும் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

கற்றுக்கொடுத்தவரே விட்டுவிட்டால், கற்றது நிற்குமா? இந்தக் கேள்வி என்னை வெகுநாள் அரித்தது. அவருடைய துக்கத்துக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. யோவான் 6-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் பலர் பின்வாங்கிப்போன பிறகு, நீங்களும் போகிறீர்களா என்று பன்னிருவரிடம் இயேசு கேட்கிறார். “யாரிடத்தில் போவோம்” என்கிறார் பேதுரு. அவர் எல்லாம் விளங்கிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லையே என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பச்சிளங்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. சில விநாடி நிற்கும், பிறகு விறுவிறுவென்று ஓடும். அதனால் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிவிட முடியாது. முழு 60 விநாடியும் எண்ண வேண்டும். விடியற்காலையில் கண் சொக்கும்போது முந்தைய எண்ணையே சார்ட்டில் எழுதிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜெபிக்க வார்த்தை வராத நாட்களிலும், சின்ன வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அந்த நிமிடம் முழுவதும் கர்த்தருக்கு முன்பாக நின்றேன். என் விசுவாசம் அங்கேதான் பிழைத்தது. (சீனியர் சிஸ்டரும் ஜெபத்தை விட்டாரே தவிர, அந்த நிமிடத்தை ஒருநாளும் குறைத்ததில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.)

“தேமா மாதிரி போயிட்டாங்க” என்று அவரைப் பற்றிச் சிலர் பேசும்போது மனம் கொதிக்கிறது. உடன் ஊழியரான தேமா தன்னை விட்டுப்போனதை 2 தீமோத்தேயு 4-இல் எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா என்கிறார். முன்பு ஊழியப் பயணத்தில், பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன அதே மாற்கு. ஒருகாலத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றவரும் இதே பவுல்தான்.

சிஸ்டரிடம் நான் வாதாடுவதில்லை. ஷிஃப்டுக்கு முன் ஜெபிப்பதை, தனியாகவென்றாலும், விடவுமில்லை. ஒரு குழந்தையை ஐசியுவுக்கு மாற்றிய அன்று, “அதுக்காக ஜெபம் பண்ணினியா?” என்று அவரே கேட்டார்.

“பண்ணினேன் சிஸ்டர். உங்களுக்காகவும்தான்.”