கிராலர் கூண்டு: குழாய் பற்றவைத்த நாட்கள்

ஜனவரி 6

கிராலர் என்பது பாறையில் ஏறும் ரிமோட் பொம்மை வண்டி. அதன்மேல் பித்தளைக் குழாயால் நான் செய்த பாதுகாப்புக் கூண்டு இன்று மூன்று இடத்தில் விட்டுப்போனது. பாறையில் ஏறிக்கொண்டிருந்த வண்டி மல்லாக்கப் புரண்டது, அவ்வளவுதான். முழங்கால் உயரம்கூட இருக்காது. பத்தில் ஒரு பங்கு அளவு வண்டி, எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

மருமகன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "மாமா, ஈயம் இன்னும் கொஞ்சம் கனமா வச்சிருந்தா உடைஞ்சிருக்காதுல்ல?" என்றான். போன வருடம் இதைச் செய்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது விட்டுப்போன முனையை விளக்கடியில் வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. தட்டையாக வெட்டிய குழாயின் வாய், இன்னொரு குழாயின் உருண்ட முதுகில் இரண்டே புள்ளியில்தான் தொட்டிருக்கிறது. மீதி இடைவெளி முழுக்க, ஒட்டுவதற்கு உருக்கி வைத்த ஈயம். கிழிந்திருப்பது அந்த ஈயம்தான். பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குழாயின் வெளிவிட்டம் 5/32 அங்குலம், அதாவது 3.97 மி.மீ. சுவரின் கனம் 0.36 மி.மீ. இரண்டு குழாயை வாய்க்கு வாய் வைத்து ஒட்டினால் பற்றுகிற பரப்பு 4 சதுர மி.மீ. அடுத்த சின்ன அளவான 1/8 அங்குலக் குழாயை உள்ளே விட்டு, பக்கத்துக்கு 6 மி.மீ. நீளம் பிடிக்கும்படி ஒட்டினால் 60 சதுர மி.மீ. பதினைந்து மடங்கு! இந்தக் குழாய்கள் 1/32 அங்குலப் படியில் வருவதால் ஒன்றுக்குள் ஒன்று அழகாக நுழைகின்றன. அதை நான் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை.

கூண்டை முழுசாக மறுபடி செய்யப் போகிறேன். இந்த முறை ஈயத்துக்குப் பதில் வெள்ளிப் பற்றாசு, அதாவது வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஒட்டுவது.

ஜனவரி 11

நேர் இணைப்புக்கு உள்குழாய் போதும். ஆனால் கூண்டில் பெரும்பாலும் ஒரு குழாய் இன்னொன்றின் முதுகில் போய் முட்டுகிறது. அங்கே முனையைப் பிறை போல அராவ வேண்டும். இன்று முழுக்க அந்த வேலைதான்.

கையில் இருந்த உருட்டு அரம் நுனி நோக்கிக் கூம்பிக்கொண்டே போவதால், எந்த இடம் 4 மி.மீ. இருக்கிறது என்று காலிப்பரில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்த இடம் மட்டும் குழாயில் படும்படி சின்னச் சின்னதாக அராவினேன். கடைசி இழைப்பு எமெரித் தாளில். தாளை அதே அளவுக் குழாய்மேல் சுற்றினால் தாளின் கனமும் சேர்ந்து பிறை பெரிதாகிவிடும். 3.5 மி.மீ. கம்பிமேல் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாக வருகிறது.

வைஸில் நேராகப் பிடித்தால் குழாய் நசுங்கும். மரத்துண்டில் 4 மி.மீ. துளை போட்டு நெடுக அறுத்து, அந்த இரண்டு பாதிக்கும் நடுவே குழாயை வைத்துப் பிடித்தேன். அசையவும் இல்லை, நசுங்கவும் இல்லை.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரே வழி, இரண்டு குழாயையும் சேர்த்து விளக்குக்கு நேரே பிடிப்பதுதான். வெளிச்சம் கீற்றாகத் தெரிகிற பக்கம் இன்னும் வேலை பாக்கி. வெள்ளிப் பற்றாசு 0.05 முதல் 0.15 மி.மீ. வரையிலான இடுக்கில்தான் நன்றாக உறிஞ்சப்பட்டு ஓடும். அதைவிட அகலமானால் ஓடாமல் தேங்கி நிற்கும். ஒரு முனைக்கு இருபது நிமிடம் ஆனது. பன்னிரண்டு முனை பாக்கி.

ஜனவரி 12

உருளைக் கத்தியால் குழாயை வெட்டினால் பிசிறு உள்பக்கம் மடிகிறது. உள்குழாய் நுழையாமல் முரண்டு பிடித்ததற்குக் காரணம் அதுதான். பொடிப் பல் ரம்பத்தால் அறுத்து, உள்விளிம்பைச் சுரண்டிவிட்டேன்.

ஜனவரி 18

தீ வைத்த முதல் நாள். வேண்டாத துண்டுகளில் பழகினேன்.

55 சதவீத வெள்ளி இருக்கிற கம்பி. 630 டிகிரியில் இளகத் தொடங்கி 660-ல் முழுசாக ஓடும். பித்தளை 900 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். நடுவில் 250 டிகிரி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ஆனால் 0.36 மி.மீ. சுவர் அந்த தூரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது. இரண்டாவது துண்டில் வெண்புகை கிளம்பியது. பித்தளையிலிருக்கும் துத்தநாகம் எரிந்து வெளியேறுகிறது. அடுத்த நொடி குழாயின் ஓரம் மெழுகு போலச் சுருங்கி உள்ளே விழுந்தது. அந்தப் புகையை மூச்சில் இழுக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பிய பிறகுதான் தொடர்ந்தேன். பழைய வெள்ளிக் கம்பிகள் சிலவற்றில் காட்மியம் இருக்கும், அதன் புகை இன்னும் மோசம். எந்தக் காலத்துக் கம்பி என்று தெரியாவிட்டால் தொடாமல் இருப்பதே நல்லது.

ஐந்தாவது துண்டில் பிடிபட்டது. பார்க்க வேண்டியது குழாயை அல்ல, மேலே தடவிய ஃப்ளக்ஸை, அதாவது சூட்டில் உலோகம் கறுக்காமல் காக்கும் பூச்சை. முதலில் தண்ணீர் வற்றி வெண்காரம் பொரிவது போல வெள்ளையாக உப்புகிறது. அப்புறம் அமுங்கிப் பசையாகிறது. பிறகு திடீரென்று தண்ணீர் மாதிரித் தெளிந்து, அடியில் சுத்தமான உலோகம் பளிச்சென்று தெரிகிறது. அதுதான் சுமார் 600 டிகிரி. இன்னும் ஒரு மூச்சு நேரம் காட்டி, தீயைக் கொஞ்சம் விலக்கி, கம்பியின் நுனியால் இணைப்பைத் தொட்டேன். நுனி காணாமல் போனது. வெள்ளிக்கோடு ஒன்று பிறையைச் சுற்றி ஓடி எதிர்ப்பக்கத்தில் போய் முடிந்தது. அதை இன்னும் பத்து முறை பார்க்க வேண்டும்போல இருந்தது, பார்த்தேன்.

தீயைக் கம்பியில் காட்டினால் அது உருண்டையாகித் தொங்கும், ஒட்டாது. சூடு இருக்கும் இடத்தைத் தேடித்தான் பற்றாசு ஓடும். அதனால் கனமான பகுதியை முதலில் சூடாக்க வேண்டும்; மெல்லிய குழாய் தானாகவே சூடேறிவிடும்.

ஜனவரி 19

ஒரு இணைப்பில் மட்டும் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. மூன்று முறை அடைத்தும் அதே இடத்தில் குமிழி வந்து வெடித்தது. கடைசியில்தான் உறைத்தது: அந்தக் குழாயின் மறுமுனை ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அந்தச் சூட்டில் மூன்று மடங்காக விரியப் பார்க்கும். போக வழியில்லாமல் உருகிய வெள்ளியைத் துளைத்துக்கொண்டு வருகிறது. குழாயின் அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் 1 மி.மீ. துளை போட்டேன். அடுத்த முறை ஒரே ஓட்டத்தில் அடைந்தது.

ஜனவரி 25

பழைய கூண்டின் நல்ல துண்டு இரண்டை மறுபடி பயன்படுத்தப் பார்த்தது தப்பு. ஈயத்தைத் துடைத்து, எமெரித் தாளால் தேய்த்துத்தான் வைத்தேன். ஆனாலும் வெள்ளி ஓடும் சூட்டில், ஒட்டியிருந்த கொஞ்ச ஈயம் பித்தளையைக் கரையான் அரித்த மாதிரி குழி குழியாகத் தின்றுவிட்டது. ஈயம் பட்ட முனையை வெட்டி எறிந்துவிட வேண்டும். அதற்குப் பயன்படுத்திய அரத்தைக்கூட இனி தனியாக வைக்கிறேன்.

ஜனவரி 26

நண்பர் ஒருவர் கேட்டார்: அலுமினிய லிங்க் குழாயையும் (சக்கர அச்சை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் தண்டு) இப்படிப் பற்றவைக்கலாமா? இந்தக் கம்பியால் முடியாது. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும், அதுவும் சிவக்காமல், முன்னறிவிப்பே இல்லாமல் சரியும். மேலே இருக்கும் ஆக்சைடு படலமோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதற்கென்றே குறைந்த சூட்டில் உருகும் கம்பிகள் உண்டு. ஆனால் வண்டி லிங்குக்கு மறை போட்டுத் திருகுவதோ, உள்ளே தண்டு செருகி எபாக்சிப் பசை வைப்பதோ நல்லது என்று சொன்னேன். எபாக்சிக்கு மழமழப்பு ஆகாது. சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

பிப்ரவரி 1

கூண்டைக் கட்டினேன். நெருப்புச் செங்கல்மேல் படத்தை வரைந்து, குழாய்களைக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். ரொம்ப இறுக்கினால் சூட்டில் விரியும் குழாய் வளைந்துவிடும் என்பதால், கம்பியில் இடையிடையே ஒரு நெளிவு விட்டேன்.

ஒரு இணைப்பைப் பற்றவைக்கும்போது பக்கத்து இணைப்பு இளகிவிடுமோ என்பதுதான் பெரிய பயம். அதற்குத் தாளில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மையை முடிந்த இணைப்பின்மேல் தடவிக் காயவைத்தேன். அந்த வெள்ளைப் பூச்சு இருக்கும் இடத்துக்குப் பற்றாசு வழிந்து வராது. மேலே ஈரத்துணியையும் சுற்றினேன். மருமகன்தான் துணியை மாற்றி மாற்றி நனைத்துக் கொடுத்தான். பதினான்கு இணைப்பில் ஒன்று மட்டும் நகர்ந்தது, உடனே சரிசெய்துவிட்டேன்.

பிப்ரவரி 2

ஃப்ளக்ஸ் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. வெந்நீரில் அரை மணி ஊறவைத்ததும் உரிந்தது. கருப்பு போக சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு ராத்திரி.

காலையில் எடுத்துக் கையால் முறுக்கிப் பார்த்தேன். இணைப்பு அசையவில்லை. ஆனால் இணைப்பை ஒட்டிய இடத்தில் குழாய் மெத்தென்று வளைகிறது. உருவி இழுக்கும்போது குழாய்க்கு வந்த விறைப்பு, சிவக்கச் சூடானதும் போய்விட்டது. பலவீனம் இணைப்பை விட்டு அதன் பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. இதற்கு இரண்டு வேலை செய்கிறேன். பக்கச் சட்டங்களில் குறுக்குக் குழாய் வைத்து முக்கோணமாக்குகிறேன். அடிச்சட்டம் இரண்டையும் எஃகுக் குழாயாக மாற்றுகிறேன். இதே வெள்ளிக் கம்பி எஃகிலும் நன்றாகப் பிடிக்கும்.

பிப்ரவரி 8

அதே பாறை. வண்டியை மருமகன் ஓட்டினான். இரண்டு முறை சாதாரணமாகப் புரண்டது, மூன்றாவது முறை மேலிருந்து கூண்டின் மூலை கல்லில் படும்படி விழுந்தது. எடுத்து விரலால் தடவிக்கொண்டே ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தோம். எல்லாம் இருக்கிறது. வலப்பக்கக் குறுக்குக் குழாய் ஒன்று மட்டும் நடுவில் வளைந்திருக்கிறது.

அதை வெட்டி எடுத்தாயிற்று. புதுத் துண்டை அவனே அராவுகிறேன் என்று வாங்கிக்கொண்டான். ஒரு மணி நேரமாக விளக்குக்கு நேரே பிடிப்பதும், மறுபடி மரத்துண்டில் வைத்து இழைப்பதுமாக இருக்கிறான். "இந்தப் பக்கம் இன்னும் முடியளவு தெரியுது மாமா" என்கிறான். பற்றவைப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.