நாலு முகக்கவசம், பத்து கிலோ அரிசி

மிளகாய் வறுக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் எங்களுக்குச் சிங்கப்பூரில் தங்க இடம் கிடைத்தது.

2019 டிசம்பர் கடைசியில் வந்து இறங்கினோம். என் கணவருக்கு வேலை முன்பே ஆகியிருந்தது. நான் கூட வந்தவள், அவ்வளவுதான். வாடகைக்கு அறை தேடினால் பெயரைக் கேட்டதுமே "இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்றார்கள் இரண்டு மூன்று இடத்தில். இன்னும் சிலர் அப்படிச் சொல்லாமல், "சமைப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான் என்று புரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கடைசியில் தோ பாயோவில், வீவக எனப்படும் அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டிய பழைய அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது மாடியில், ஓர் அறை அமைந்தது. வீட்டுக்காரர்கள் எழுபதை நெருங்கும் சீனத் தம்பதி. அங்கிள் டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆண்டி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "லைட் குக்கிங்." அதாவது சோறு வடிக்கலாம், பருப்பு வேகவைக்கலாம், முட்டை பொரிக்கலாம். தாளிக்கக் கூடாது. தாளிக்காத குழம்பை எங்கள் மன்னார்குடிப் பக்கம் பத்தியம் இருப்பவர்களுக்குத்தான் ஊற்றுவார்கள். சரி, தலை சாய்க்க இடம் கிடைத்ததே என்று ஒத்துக்கொண்டோம்.

அந்த வருஷம் சீனப் புத்தாண்டு ஜனவரி 25. ஆண்டி இரண்டு வாரமாக வீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நம் போகி மாதிரிதான், எரிப்பது மட்டும் இல்லை. 23ஆம் தேதி ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வூஹானிலிருந்து குடும்பத்தோடு வந்த 66 வயதுக்காரர் ஒருவருக்குக் கொரோனா கிருமித்தொற்று உறுதியாகியிருக்கிறது. சிங்கப்பூரில் முதல் ஆள்.

அங்கிள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் டிவிக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் பேண்ட், பழைய சாவி, காலாவதியான தைலம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அடியிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் பேனாவால் ஒரு பெயரும் வகுப்பும் எழுதியிருந்தன. அவர்கள் மகளுடையது. 2003இல் சார்ஸ் என்கிற தொற்றுநோய் வந்தபோது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்களாம். அந்த வருஷம் சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்துபோனார்கள். நாள் முழுக்க வண்டி ஓட்டினாலும் மூன்று சவாரிதான் கிடைக்கும் என்றார் அங்கிள். பதினேழு வருஷம் அந்தப் பொருளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. மறுநாள் காலையிலேயே பொத்தான் பேட்டரி வாங்கிவந்து போட்டார். அது "பீப்" என்றது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஆள் மாற்றி ஆள், எங்கள் நாலு பேர் வாயிலும் அந்தத் தெர்மாமீட்டர்தான். நடுவில் ஆண்டி ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்.

புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பமே கூடிச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். பொங்கோலிலிருந்து மகள் குடும்பத்தோடு வந்தாள். எங்களையும் கூப்பிட்டார்கள். காய்கறித் துருவலும் பச்சை மீனும் கலந்த பெரிய தட்டைச் சுற்றி நின்று, எல்லாரும் குச்சியால் அள்ளி மேலே வீசி, நல்ல வார்த்தைகளைச் சத்தம் போட்டுச் சொல்லவேண்டும். எவ்வளவு உயரம் வீசுகிறோமோ அவ்வளவு செல்வம். அன்றைக்கு ஆண்டி, "யாரும் வாயைத் திறக்கக்கூடாது" என்றுவிட்டார். எட்டுப் பேர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு காரட்டை ஆகாயத்தில் வீசியது இன்னமும் கண்ணில் நிற்கிறது. 2021இல் உணவகங்களில் வாழ்த்துச் சொல்லிக் கத்தக்கூடாது என்று அரசாங்கமே விதி போட்டது. ஆண்டி ஒரு வருஷம் முந்திக்கொண்டார்.

அப்புறம் முகக்கவசம். புத்தாண்டு விடுமுறை முடிவதற்குள் எந்த மருந்துக் கடையிலும் ஒன்றுகூட இல்லை. கண்ணாடிக் கதவில் "மாஸ்க் இல்லை" என்று எழுதி ஒட்டிவிட்டு உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் போட்டால் போதும் என்பதுதான் அப்போது அரசாங்கத்தின் பேச்சு. ஏப்ரலில் அதுவே தலைகீழாகி, போடாவிட்டால் அபராதம் என்றானது. பிப்ரவரி 1 முதல் வீட்டுக்கு நாலு என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கிள் போய் வாங்கிவந்தார். வீட்டில் நாங்கள் நாலு பேர். ஆண்டி ஆளுக்கொன்றாகப் பிரித்து, புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறைகளில் மிச்சமிருந்தவற்றில் போட்டு எங்கள் கையில் கொடுத்தார். அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தேன்.

அதற்குள் கேரளத்தில் ஒருவருக்கு வந்துவிட்டது என்று ஊரிலும் பரபரப்பு. அம்மா தினம் இரண்டு தடவை கூப்பிட்டாள். நிலவேம்புக் கஷாயம் குடி, மிளகு ரசம் வை, சின்ன வெங்காயத்தைப் பச்சையாய்க் கடி. அதெல்லாம் பரவாயில்லை.

"ஏம்மா, சீனாக்காரங்க வீட்டுலயா இருக்கீங்க? வேற வீடு பாக்கக்கூடாதா?"

"அவங்க இங்கயே பொறந்து வளந்தவங்கம்மா. சீனாவுக்குச் சுத்திப் பாக்கக்கூடப் போனதில்ல."

"இருக்கட்டும். கும்பகோணத்துல பொறந்தாலும் சீனாக்காரன் சீனாக்காரந்தானே."

ஆண்டி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். தமிழ் தெரியாது என்றாலும் "சீனா" என்கிற சொல் புரியாமலா இருக்கும்? போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. தயிர் வாங்கப் போனேன். தயிர் மட்டும்தான். பாதி வழியில் அவரிடமிருந்து செய்தி: "ஆரஞ்சு ஆகப்போகுதாம். அரிசி வாங்கிடு." நோய்ப் பரவல் நிலையைக் குறிக்க அப்போது இங்கே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு வண்ணம் இருந்தது. யாரிடமிருந்து தொற்றியது என்றே தெரியாமல் சிலருக்கு வர ஆரம்பித்ததால் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு ஏற்றினார்கள். அன்றைக்கு நாடு முழுக்க நோயாளிகள் 33 பேர்தான். ஆனால் சிவப்புக்கு முந்தினது ஆரஞ்சு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.

பேரங்காடிக்குள் நுழைந்தால் தேர்த்திருவிழாக் கூட்டம். தாய்லாந்து அரிசி வைக்கும் தட்டு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மீ, அதாவது நூடுல்ஸ், பாக்கெட் இல்லை. எதிரே வந்த தள்ளுவண்டிகளில் எல்லாம் மலைமலையாகக் கழிப்பறைக் காகிதம். எனக்குச் சிரிப்பு வந்தது. உலகம் அழியப்போகிறது என்றால் மனுஷன் முதலில் இதையா வாங்குவான்? குழாயில் தண்ணீர் வருகிறதே! கீழ்த் தட்டில் மட்டும் ஐந்து கிலோ பொன்னி மூட்டைகள் தொடுவார் இல்லாமல் கிடந்தன. பத்து நிமிஷம் முன்னால்வரை எனக்கு அரிசி வேண்டியிருக்கவில்லை. குனிந்து இரண்டை எடுத்து வண்டியில் போட்டேன்.

பயம் எனக்குப் புதிதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர பதினெட்டு நாள் ஆனது. மெழுகுவர்த்திக்கும் ஜெனரேட்டர் தண்ணீருக்கும் வரிசையில் நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே தென்னை முதலில் விழுந்தது, வரிசை பிறகு வந்தது. இங்கே ஒன்றுமே விழவில்லை. ஏசி ஓடுகிறது, பாட்டு பாடுகிறது, வரிசை மட்டும் ரொட்டிப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பால் பெட்டி வரைக்கும் நிற்கிறது. யாரும் யாரையும் தள்ளவில்லை, சத்தமும் போடவில்லை. அந்த அமைதிதான் என் வயிற்றைக் கலக்கியது.

வரிசை வளையும் இடத்தில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். ஆண்டி! மத்தியானம், "பக்கத்துப் பிளாக்கில் தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் போனவர். அவர் வண்டியில் நாலு கட்டுக் காகிதம், ஒரு டஜன் மத்திமீன் டின். என் வண்டியைப் பார்த்தார். அவர் வண்டியை நான் பார்த்தேன். "ஐயோ" என்றார். இந்த ஊரில் சீனர், மலாய்க்காரர் எல்லாரும் "ஐயோ" என்பார்கள். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது அசல் தஞ்சாவூர் ஐயோ. பிறகு, "கியாசு" என்று தன்னையே காட்டிச் சிரித்தார். அடுத்தவனுக்குக் கிடைத்து நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பதைப்புக்கு ஹொக்கியன் மொழியில் அதுதான் பெயர். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, பாரத்தை ஒரே வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வீடு வந்தோம். தயிரை மறந்துவிட்டேன்.

அரிசி இறக்குமதி செய்பவர்கள் எப்போதும் கையிருப்பு வைத்திருக்கவேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது என்பதை அங்கிள் இரவு சாப்பாட்டின்போது சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். இரண்டே நாளில் தட்டுகள் நிரம்பத் தொடங்கின. ஆளுக்கு இரண்டு மூட்டை அரிசி, நாலு கட்டுக் காகிதம் என்று ஃபேர்பிரைஸ் கடைகளில் அளவும் போட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே தைப்பூசம் தொடங்கியது. என் கணவரோடு வேலை செய்யும் ஒருவர் பால்குடம் எடுக்கிறார் என்று ஏற்கெனவே போவதாக இருந்தோம். போகலாமா வேண்டாமா என்று பத்து மணிவரை பேசிவிட்டு, "முருகன் பார்த்துக்குவான்" என்று கிளம்பினோம். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நடை. உடம்பு சரியில்லாதவர்கள் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். முகக்கவசம் போட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். எங்களுக்கு முன்னால் பால்குடத்தோடு போன சீனப் பையன் ஒருவன் "வேல் வேல்" என்று சொன்ன உச்சரிப்பு என்னுடையதைவிடத் திருத்தமாக இருந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பத்துத் தலை திரும்பியது. அரோகரா சத்தம் ஒரு நொடி தேய்ந்து, மறுபடி எழும்பியது. அடுத்த இரண்டு வருஷம் அந்தப் பாதயாத்திரையே கிடையாது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை பிரதமர் லீ சியன் லூங் பேசினார். கிருமியைவிட அச்சம் அதிகக் கேடு செய்யும் என்றார். நாங்கள் நாலு பேரும் மத்திமீன் டின்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பவ்வியமாகத் தலையாட்டினோம்.

அடுத்த நாள் இன்னொரு செய்தி. நோய் கண்ட பங்களாதேஷ் ஊழியர் ஒருவர், மருத்துவமனையில் சேர்வதற்கு முன், இந்தியர்கள் அதிகம் புழங்கும் தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவில் உள்ள முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடைக்குப் போயிருக்கிறார். மாலையில் மகள் கூப்பிட்டாள். ஆண்டி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னது தெளிவாகக் கேட்டது: "அம்மா, அவர்கள் தேக்கா பக்கம்தானே போவார்கள்? கொஞ்ச நாள் போகவேண்டாம் என்று சொல்லிவை. இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கச் சொல்." ஆண்டி அவசரமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். எனக்கு வந்தது கோபமில்லை. என் அம்மாவின் குரலை ஆங்கிலத்தில் கேட்ட மாதிரி இருந்தது. ஆண்டி அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் எடுக்கவில்லை. நானும் அப்படித்தான்.

தப்பு நடந்தது அதற்கடுத்த வாரம். ஆண்டி சந்தைக்குப் போயிருந்தார். எனக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. ரசத்துக்கு ஒரே ஒரு தாளிப்பு, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் செய்தால் என்ன என்று தோன்றியது. எண்ணெய், கடுகு, இரண்டே இரண்டு காய்ந்த மிளகாய். காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. நெடி ஜன்னல் வழியாகப் போகாமல் வாசல் வழியாகப் பொதுத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. முதலில் அங்கிள் இருமினார். பிறகு பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி. பிறகு மூன்றாவது வீட்டில் யாரோ. கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. மின்தூக்கியிலிருந்து வெளியே வந்த ஆண்டிக்குக் கேட்டது ஒன்பதாவது மாடியே சேர்ந்து இருமிய சத்தம். கையிலிருந்த கீரையோடு அப்படியே நின்றுவிட்டார். நான் கரண்டியோடு வாசலுக்கு ஓடி, "மிளகாய் ஆண்டி, மிளகாய், கிருமி இல்லை" என்று கத்தினேன்.

அப்போதும் அவர் விடவில்லை. அங்கிளுக்கும் எனக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். 36.6, 36.4. பிறகு பக்கத்து வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 7இல் எல்லாம் மூடப்பட்டது. வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் அதன்பின் தொற்று பரவியது தனிக்கதை. அதை இங்கே நாலு வரியில் அடக்கினால் பாவம். மார்ச் கடைசியிலேயே ஊரிலும் ஊரடங்கு வந்துவிட்டதால், அம்மாவை நான் தினம் இரண்டு தடவை கூப்பிட ஆரம்பித்தேன். "வெளியே போகாதே, கை கழுவு" என்று நான் சொல்ல, "உன் வீட்டுக்காரம்மா எப்படி இருக்கு?" என்று அவள் கேட்பாள்.

மே மாதம் ஒருநாள், பிப்ரவரியில் வாங்கிய இரண்டாவது பொன்னி மூட்டையைப் பிரித்தேன். வண்டு. மூலைக்கு மூலை ஊர்ந்தது. ஆண்டி பார்த்துவிட்டு, பழைய சீன நாளிதழ்களைக் கூடத்தில் விரித்தார். வெயில் விழும் இடமாகப் பார்த்து அரிசியைக் கொட்டிப் பரப்பினோம். வீட்டைவிட்டு வெளியே போக முடியாத நாலு பேருக்கும் அன்றைக்கு ஒரு வேலை கிடைத்தது. சாயங்காலம் அள்ளி டப்பாவில் போடும்போது ஆண்டி நாலு பல் பூண்டை உள்ளே புதைத்தார், வண்டு அண்டாதாம். எங்கள் ஊரில் வேறு வைத்தியம் என்று சொல்லி, நான் ஐந்தாறு காய்ந்த மிளகாயை எடுத்துவந்தேன்.

ஆண்டி மிளகாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பச்சையாகத்தானே போடப்போகிறாய்? சரி, போடு."