எர்க் மிதக்காது: ஓக் ரிட்ஜ் நாட்குறிப்பு

மார்ச் 7, வெள்ளி

மிட்டெர்ம் எழுதிய கையோடு படகுக் கொட்டகைக்கு ஓடினேன். அதற்குள் பசங்கள் ரிக்கர்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எட்டுப் பேர் துடுப்பு போடும் படகு ஏறக்குறைய 60 அடி நீளம். துடுப்பைத் தாங்குவதற்காக அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டங்கள்தான் ரிக்கர். அவற்றைக் கழற்றினால்தான் படகுகளை டிரெய்லரில் அடுக்கடுக்காக ஏற்ற முடியும். கழற்றிய நட்டை அதே இடத்தில் விரலால் திருகி மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு வாரப் பயிற்சிக்காக டென்னசியின் ஓக் ரிட்ஜில் போய் இறங்கி, நட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

எங்கள் கல்லூரி நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் இருக்கிறது. நவம்பரில் தண்ணீரை விட்டுக் கரையேறியவர்கள் நாங்கள். காற்றின் வெப்பநிலையையும் தண்ணீரின் வெப்பநிலையையும் கூட்டினால் 90 பாரன்ஹீட்டாவது வர வேண்டும், அதற்குக் குறைந்தால் படகை இறக்கக் கூடாது என்பது கிளப் விதி. இன்றைக்குக் கூட்டல் கணக்குக்கு வேலையே இல்லை, ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. குளிர்காலம் முழுக்க இவர்களுக்கு வாய்த்தது அடித்தளத்தில் இருக்கும் எர்க் என்னும் துடுப்புப் பயிற்சி எந்திரம் மட்டுமே. சங்கிலியை இழுத்தால் சக்கரம் சுற்றும், திரையில் எண் வரும். 2000 மீட்டரை யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார்கள் என்ற பட்டியல் சுவரில் தொங்குகிறது. அதில் முதலிடத்தில் இருப்பவர் எங்கள் நாலாம் சீட்டு. 6 நிமிடம் 18 விநாடி. (இங்கே யாரையும் பேர் சொல்லி எழுதப் போவதில்லை. சீட் எண் போதும்.)

நான் காக்ஸ். துடுப்பு போடாமல் சுக்கான் பிடிக்கும் ஒன்பதாவது ஆள்.

மார்ச் 8, சனி, வேனில்

இருட்டிலேயே கிளம்பியாயிற்று. ஐ-81 நெடுஞ்சாலையைப் பிடித்தால் பென்சில்வேனியா, கொஞ்சம் மேரிலாந்து, கொஞ்சம் மேற்கு வர்ஜீனியா, பிறகு வர்ஜீனியா. இந்த வர்ஜீனியா இருக்கிறதே, முடியவே முடியாது. இந்தச் சாலை அந்த மாநிலத்துக்குள் மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

டிரெய்லரை இழுத்துக்கொண்டு கோச்சின் டிரக் முன்னால் போகிறது. படகுகளின் வால் முனையில் கட்டிய சிவப்புத் துணி காற்றில் படபடக்கிறது. எங்கே நிறுத்தினாலும் முதலில் இறங்கிப் படகுகளைக் கட்டிய பட்டைகளை இழுத்துப் பார்ப்பது காக்ஸின் வேலை. பாத்ரூம் அப்புறம்தான்.

அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதிய முதல் விளையாட்டே துடுப்புப் படகுதானாம். 1852இல் ஹார்வர்டும் யேலும், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வின்னிபசாக்கி ஏரியில் மோதின. ரயிலுக்குக் கூட்டம் சேர்க்கலாம் என்று ஒரு ரயில்வே கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டது. எங்களுக்கு எந்த ரயில்வேயும் படியளக்கவில்லை. கிளப் அணி என்றால் கையைக் கடிக்கும் கணக்குதான். இலையுதிர் காலத்தில் ஊரார் வீட்டு வாசலில் சருகு கூட்டி, சோபா தூக்கி, பனி வாரிச் சேர்த்த காசில்தான் இந்த வேன் ஓடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று நள்ளிரவு தாண்டி வந்து படுத்தோம். கோடைக்கால நேரம் தொடங்குவதால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிட்டார்கள். இருந்த கொஞ்சம் தூக்கமும் அதில் போயிற்று. காலையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

ஆனால் ஏரியைப் பார்த்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏரி என்று பேர்தானே தவிர, மெல்டன் ஹில் உண்மையில் கிளின்ச் ஆறு. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1963இல் கட்டி முடித்த அணை அதைத் தேக்கி வைத்திருக்கிறது. ஒடுக்கமாக, நீளமாக, இருபுறமும் மேடுகள் காற்றை மறைக்க, கண்ணாடியாகக் கிடந்தது. தெற்கத்திய கல்லூரிகளின் சைரா போட்டி நடப்பதும் இங்கேதான். புல் ரன் அனல்மின் நிலையத்தின் 800 அடி புகைபோக்கி தூரத்தில் நின்றது. 2023 டிசம்பரில் நிலையத்தை மூடிவிட்டார்கள், புகை இல்லை. படகை நேராகச் செலுத்த ஒரு குறி வேண்டுமே, எனக்கு இதைவிட நல்ல குறி கிடைக்காது.

முதல் ஓட்டம் சகிக்கவில்லை. நான்கு மாதம் ஆளுக்கொரு எந்திரத்தில் உட்கார்ந்து இழுத்தவர்களை ஒரே படகில் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. படகு இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது, ஏழாம் சீட்டின் துடுப்பு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு அதன் பிடி அவர் வயிற்றிலேயே இடித்தது. கோச் மோட்டார் படகில் பின்னாலேயே வந்தார். மெகாபோனை எடுத்தார், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார்.

மார்ச் 10, திங்கள்

காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம். நடுவில் சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு.

இன்று முழுக்க ஒரே பாடம்: திரும்பி வருவது. துடுப்பைத் தண்ணீரில் நட்டு இழுக்கும்போதுதான் படகு வேகமாகப் போகிறது என்று நினைப்போம். இல்லை. இழுத்து முடித்து, துடுப்பைத் தூக்கி, சக்கரம் வைத்த சீட்டில் சறுக்கிக்கொண்டு அடுத்த இழுப்புக்கு வரும்போதுதான் படகு உச்ச வேகத்தில் ஓடுகிறது. கணக்கு எளிது. ஆளுக்கு 80 கிலோ என்றால் எட்டுப் பேர் 640 கிலோ. படகோ 100 கிலோ சொச்சம். அத்தனை எடையும் பின்பக்கம் நகரும்போது லேசான படகு அவர்களுக்கு அடியிலேயே முன்னால் பாய்கிறது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு ஓடிவந்து மோதினால், பாய்கிற படகுக்கு அவர்களே பிரேக் போட்டது போல ஆகிவிடும். நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் ஒரு இழுப்புக்கு 3 விநாடி. அதில் இழுப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. மிச்ச நேரம் முழுக்கப் பொறுமைதான்.

அந்த பிரேக் கண்ணுக்குத் தெரியாது, என் முதுகுக்குத் தெரியும். படகின் வால் முனையில், எல்லோருக்கும் தாளம் கொடுக்கும் துடுப்புக்காரரான ஸ்ட்ரோக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை அவர்கள் அவசரமாக வந்து மோதும்போதும் என் முதுகு சீட்டை விட்டு ஒரு விரற்கடை முன்னால் போய்த் திரும்ப வந்து அடிக்கிறது. ராத்திரிக்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது.

அப்பா போன் செய்தார். "எட்டுப் பேர் துடுப்பு போடறாங்க, நீ சும்மா உக்காந்துட்டு கத்தறியா? அதுக்கா இவ்ளோ தூரம் போனே?" சுக்கானை நான்தான் பிடிக்கிறேன் என்றேன். "ஸ்டீயரிங் இருக்கா? அப்ப சரி." காக்ஸ் குறைந்தது 55 கிலோ இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி, நான் 49தான், போட்டியில் மணல் பையைப் பக்கத்தில் வைப்பார்கள் என்றதும் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். அடுத்த கால்மணி நேரம் நான் என்ன சாப்பிடுகிறேன் என்பது பற்றி.

கோட்டூர்புரம் பாலத்தை ஸ்கூல் பஸ்ஸில் தாண்டித்தான் வளர்ந்தேன். அந்தப் பக்கம் போட் கிளப், 1867இல் தொடங்கியது. அடையாற்றில் குச்சி குச்சியாகப் படகு போவதைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு "பாவம்" என்போம், அவ்வளவுதான். அவர்கள் முதுகைப் பற்றி யோசித்ததே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்றைக்கு எழுத ஒன்றே ஒன்றுதான்: கைகள்.

துடுப்புக்காரர்கள் கையுறை போடமாட்டார்கள், பிடி தெரியாதாம். சாப்பாட்டு மேசையில் ஸ்ட்ரோக் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல்களின் அடியில் நான்கு கொப்புளம், இரண்டு உடைந்து தோல் மடிந்து கிடந்தது. அந்தத் தோலை நகவெட்டியால் ஓரம் ஓரமாக நறுக்கி, ஸ்பிரிட்டைத் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு, அதே கையால் ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குத்தான் இறங்கவில்லை. என் பருப்புப்பொடி டப்பாவில் பாதி காலி, நல்லெண்ணெய் பாட்டில் இரண்டாம் சீட்டின் அறைக்குப் போய்விட்டது. ரைஸ் குக்கர் இப்போது அணியின் பொதுச்சொத்து.

மார்ச் 12, புதன்

மாலை ஓய்வு. பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் ஊரைப் பார்க்கக் கிளம்பினோம்.

ஓக் ரிட்ஜ் 1942க்கு முன்னால் கிடையாது. அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டுவதற்காக ராணுவம் இங்கிருந்த விவசாயக் குடும்பங்களைக் காலி செய்துவிட்டு, வேலி போட்டு எழுப்பிய ஊர். 1945இல் 75,000 பேர் இருந்தும் வரைபடத்தில் பேர் இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே பெரும்பாலானவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். எந்த மீட்டரின் முள் எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

பூங்காவில் ஜப்பானில் வார்த்த பெரிய வெண்கல மணி ஒன்று இருக்கிறது. பேர்ல் ஹார்பர் நாளும் ஹிரோஷிமா, நாகசாகி நாட்களும் அதிலேயே பொறித்திருக்கின்றன. மணியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அடிப்பதற்கான மரத்தாலான தடி கயிற்றில் தொங்குகிறது. ஆறாம் சீட்டு இயற்பியல் மாணவர், எதற்கும் ஜோக் அடிப்பவர். தடியைப் பிடித்தார், என்ன நினைத்தாரோ விட்டுவிட்டார். வேனில் பாட்டுப் போட யாரும் கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

சீட் ரேஸ். எல்லோரும் பயந்துகொண்டிருந்த நாள்.

முறை இதுதான். நான்கு பேர் படகு இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். நான்கு நிமிடம் ஓட்டம், நிமிடத்துக்கு 28 இழுப்பு, அதற்கு மேல் போகக் கூடாது. யார் எவ்வளவு முந்தினார்கள் என்று கோச் குறித்துக்கொள்வார். பிறகு படகுகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தி, இங்கிருந்து ஒருவரும் அங்கிருந்து ஒருவரும் நடுத்தண்ணீரிலேயே இடம் மாறுவார்கள். மறுபடி அதே ஓட்டம். மாறியது அந்த இருவர் மட்டும், ஆகவே வித்தியாசம் முழுக்க அந்த இருவருக்கு இடையில்தான். இதைவிடக் கறாரான தேர்வு கிடையாது. யார் யாருக்கு எதிராக என்பதைக் கடைசி வரை கோச் சொல்லமாட்டார்.

நால்வர் படகில் காக்ஸ் முன்முனையில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தலை மட்டும் வெளியே. துடுப்புக்காரர்கள் எனக்குப் பின்னால், ஒருவரையும் பார்க்க முடியாது. தெரிவது ஏரியும் வானமும் பக்கத்துப் படகும். கேட்பது அடிப்பலகைக்குக் கீழே ஓடும் தண்ணீர்.

முதல் ஓட்டத்தில் நாலாம் சீட்டு என் படகில். அரைப் படகு நீளம் முந்தினோம். இழுப்பில் அசாத்திய பலம், ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து யாரோ உதைத்துத் தள்ளுவதாக உணர்ந்தேன். ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கு முன்னாலும் ஒரு குலுக்கல், அந்தக் கணம் தண்ணீர்ச் சத்தம் அறுந்துபோகும். பிறகு கோச் இரண்டு பேரை எழுந்து மாறச் சொன்னார். நாலாம் சீட்டு அந்தப் படகுக்குப் போனார். வந்தது அங்கிருந்த ஒல்லிப் பையன், சுவர்ப் பட்டியலில் 6:43, கீழிருந்து மூன்றாவது.

பத்து இழுப்புக்குள் சத்தம் மாறிவிட்டது. உதை குறைந்தது, அறுபடுவதும் நின்றது. குமிழிகள் என் காதுக்குக் கீழே ஒரே இழையாக ஓடின. நான் எண்களைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சீட் ரேஸில் காக்ஸ் யாரையும் உசுப்பேற்றக் கூடாது, நேராகப் போக வேண்டும், இடைவெளியை உள்ளபடி சொல்ல வேண்டும். ஒன்றரைப் படகு நீளம் முந்தி முடித்தோம். ஆக, ஒல்லிப் பையன் ஒரு முழுப் படகு நீளம் மேல்.

எர்க் மிதக்காது என்று துடுப்புக்காரர்கள் சொல்வதுண்டு. ஜெயித்தவர்கள் மட்டும் சொல்லும் வாக்கியம் அது. இரவு நாலாம் சீட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன இடைவெளி?" என்றார். கோச்சைக் கேளுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு, கேட்காமலே என் சோற்றில் பாதியை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

நடுராத்திரி தாண்டி முழுச் சந்திர கிரகணம். இங்கே தெரியும், இந்தியாவில் தெரியாது. அம்மா விடவில்லை: "எங்களுக்குத் தெரியலைன்னா என்ன, உனக்குத் தெரியுதுல்ல? அந்த நேரத்துல ஒண்ணும் சாப்பிடாதே." அதிகாலை மூன்று மணிக்கு மோட்டல் பார்க்கிங்கில் நின்று செம்பு நிறத்து நிலாவைப் பார்த்தோம். ஐந்தாம் சீட்டு பக்கத்தில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

காலையில் எண்மர் படகுக்கான பட்டியல் வந்தது. நாலாம் சீட்டில் ஒல்லிப் பையன். நம் ஆள் இரண்டாவது படகில், ஸ்ட்ரோக்காக. பட்டியலைப் படித்தவர் தன் துடுப்பை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். எனக்குக் கோச் மேல் கோபம்தான் வந்தது, அவர் செய்தது சரி என்று என் முதுகுக்கே தெரிந்திருந்தும்.

கடைசி ஓட்டத்தில் படகு ஓடியது. 1000 மீட்டர், நிமிடத்துக்கு 32. நடுவில் ஓர் இருபது இழுப்புக்கு என் முதுகு சீட்டை விட்டு நகரவே இல்லை. மைக் வாய்க்கு முன்னால் இருந்தும் என்ன சொல்வதென்று வரவில்லை. "இது, இது, இது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த மோட்டார் படகிலிருந்து, "பரவாயில்லை." இந்த வாரம் கோச் யாரையும் பாராட்டியது அவ்வளவுதான்.

நாளைக்குத் தெற்கே முழுக்கச் சூறாவளி எச்சரிக்கை. காற்றில் டிரெய்லரை இழுக்க முடியாது. விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று, ஈரத்தோடு ஈரமாகவே படகுகளைக் கழற்றி ஏற்றினோம்.

மார்ச் 15, சனி, மறுபடி வர்ஜீனியா

வேனில் நாலாம் சீட்டு (பழைய நாலாம் சீட்டு) என் பக்கத்தில். காக்ஸ்கள் ஓட்டத்தைப் பதிவு செய்வது வழக்கம். நேற்றைய ரெக்கார்டிங்கை அனுப்பச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சறுக்கும் சீட்டின் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். நடுவே ஒருமுறை ஹெட்போனைக் கழற்றி, "நான் எங்கே அவசரப்படுகிறேன், கடைசிக் கால்வாசியிலா?" என்றார். கடைசிக் கால்வாசியில்தான், முழங்கால் மடங்கும் இடத்தில் என்றேன். இருந்த இடத்திலேயே முழங்காலை மடக்கி மடக்கிப் பார்க்கிறார், முன்சீட்டில் இடிக்கிறது, முன்சீட்டுக்காரர் திட்டுகிறார்.

ஊர் ஆற்றில் பனி உடைந்துவிட்டதாம். குளிருக்கு முன்னால் கரையேற்றி வைத்த மிதவை மேடையைத் திரும்ப இறக்கினால்தான் படகை எடுக்க முடியும். திங்கள் காலை ஐந்தரைக்கு எல்லோரும் ரப்பர் பூட்ஸோடு வர வேண்டும் என்று கோச்சிடமிருந்து மெசேஜ். எனக்கு அன்று ஒன்பது மணிக்கு தெர்மோடைனமிக்ஸ் வகுப்பு, வீட்டுப்பாடத்தை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் பட்டை பார்த்துவிட்டு உட்கார வேண்டும்.